முதுமையும் மருத்துவக் காப்பீடும்: ராசிபுரத்திலிருந்து ஒரு விசாரணை

குச்சிக்கிழங்கு விற்ற பணத்தில் பெண்ணுக்கு நகையும், தறி நெய்து சேர்த்த கூலியில் வீட்டுக்கு மேல்மாடியும், ஏலச்சீட்டு எடுத்துப் பையனுக்குப் படிப்பும் என்று வாழ்நாள் முழுவதும் பிறருக்காகவே கணக்குப் போட்டுப் பழகிய ராசிபுரம் வட்டாரத்து மனிதர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு தம்முடைய சரீரத்துக்கென்று முதன்முதலாக ஒரு கணக்குப் போட வேண்டிய சந்தர்ப்பம் வரும்போது திகைத்து நிற்பது இயல்பே. அதுவரை அவருக்கு வைத்தியச் செலவு என்பது எப்போதோ வந்து போகும் விருந்தாளியைப் போன்றது. இனி அது வீட்டோடு தங்கப்போகிற உறவு. பாங்கியில் பென்ஷன் எடுக்கப் போனால் அங்கிருப்பவர் ஒரு பாலிசியைப் பற்றிச் சொல்கிறார்; சொந்தக்காரப் பையன் ஒருவன் ஏஜண்டாக இருந்து வேறொன்றைச் சொல்கிறான்; பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் தன் ஆபீஸ் இன்ஷூரன்ஸிலேயே பெற்றோரையும் சேர்த்துவிட்டதாகச் சொல்லி ஆறுதல் அளிக்கிறான். இவ்வளவுக்கும் நடுவில் பெரியவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “எந்தப் பாலிசிங்க நல்ல பாலிசி?”

இந்தக் கேள்வியைப் பல ஆண்டுகளாகக் கேட்டும் கேட்கப்பட்டும் வந்த அனுபவத்தில், அது தவறான கேள்வி அல்லவென்றாலும் மூன்றாவதாகக் கேட்க வேண்டியதை முதலாவதாகக் கேட்பது என்ற அபிப்பிராயம் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது. விலை கொடுத்து வாங்குமுன், ஏற்கெனவே உரிமையாக நமக்குச் சேர்ந்திருப்பது எது என்று பார்க்க வேண்டும்; அடுத்து, எந்தக் காப்பீடும் கொடுக்காத செலவுகள் எவை என்று பார்க்க வேண்டும்; இவ்விரண்டுக்கும் பிறகு மிஞ்சும் இடைவெளியை அடைக்கவே கடைச்சரக்கான பாலிசி. அதை வாங்கும்போதும் அட்டையின்மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் காப்புத்தொகையைப் பார்த்து மயங்காமல், உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும் கழிவுகளைக் கொண்டே அதன் யோக்கியதையை நிர்ணயிக்க வேண்டும்.

இது தனிப்பட்ட ஒரு குடும்பத்தின் பிரச்னை மட்டுமல்ல. 2011ஆம் ஆண்டு ஜனக்கணிப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் அறுபது வயது கடந்தவர்களாக இருந்தார்கள். 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில் அது 13.6 ஆக உயர்ந்து, பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த ஸ்தானத்தில் நம்மை நிறுத்தியது. 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுவதும் நடத்திய விசாரணையில், ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தால் ஆகும் சராசரிச் செலவு சர்க்கார் ஆஸ்பத்திரியில் நாலாயிரத்துச் சொச்சமாகவும், தனியார் ஆஸ்பத்திரியில் கிராமத்தாருக்கு 27,347 ரூபாயாகவும் நகரத்தாருக்கு 38,822 ரூபாயாகவும் இருந்தது. இவை எல்லா வயதினருக்கும் எல்லா வியாதிகளுக்கும் சேர்த்து எடுத்த சராசரி என்பதையும், இடுப்பெலும்பு முறிந்த கிழவிக்கும் இருதய ரத்தக்குழாய் அடைத்த கிழவருக்கும் ஆகும் செலவு அதைப்போல் எத்தனை மடங்கு என்பதையும், அதற்குப் பின் விலைவாசி எங்கே போயிருக்கிறது என்பதையும் வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

முதுமையில் வரும் நோய்ச் செலவைச் சமூகம் முழுவதும் பகிர்ந்து தாங்க வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883இல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டைச் சட்டமாக்கினார்; பிரிட்டனில் 1948 ஜூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியது; அமெரிக்காவில் அறுபத்தைந்து வயது நிறைந்தவர்களுக்கென்றே ‘மெடிகேர்’ சட்டம் 1965இல் கையெழுத்தாயிற்று. நம் நாட்டில் பணம் கொடுக்கச் சக்தியில்லாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக்கூடாது என்ற லட்சியத்தை 1946இல் சுகாதார ஆய்வுக்கான போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை எழுதி வைத்தது. தமிழ்நாட்டில் இதைச் செயலில் காட்ட முயன்றவர்களில் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி முக்கியமானவர்; 1958இல் அவர் சென்னை அடையாற்றில் நிறுவிய தன்னார்வ சுகாதார சேவை ஸ்தாபனத்தில், குடும்பங்கள் தத்தம் வருமானத்துக்குத் தக்கபடி சிறு தொகை செலுத்தி வைத்தியம் பெறும் ஏற்பாடு பின்னர் நடைமுறைக்கு வந்தது. கூலிக்காரன் குறைவாகவும் சம்பளக்காரர் கூடுதலாகவும் செலுத்தி, சிகிச்சையை மட்டும் சமமாகப் பெறுவது என்ற அந்த நியாயத்தைவிட உயர்ந்த நியாயத்தை நான் காப்பீட்டு உலகில் இன்றுவரை காணவில்லை. அந்த வழி நாடெங்கும் பரவாமல் போனது நம் துரதிருஷ்டம். பரவியது 1986இல் பொதுத்துறைக் காப்பீட்டுக் கம்பெனிகள் நான்கும் அறிமுகப்படுத்திய ‘மெடிகிளெய்ம்’ பாலிசி. அதில் வயது ஏற ஏறப் பிரீமியமும் ஏறும், நோய் வந்தவனை விலக்கி வைக்கவும் வழியுண்டு.

இனி, விலையின்றியோ பெயரளவுக்கான விலையிலோ கிடைக்கும் உரிமைகளைப் பார்ப்போம். இந்தப் பகுதியைச் சற்று நிதானமாகவே சொல்லப்போகிறேன். ஏனெனில், தமக்கு ஏற்கெனவே உள்ள காப்பை அறியாமல் கடன் வாங்கிப் பிரீமியம் கட்டுகிற முதியவர்களை இந்த ஊரிலேயே பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறி, 2018 செப்டம்பரில் மத்திய சர்க்காரின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது ஒரு மகத்தான ஏற்பாடு. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம், கிராம நிர்வாக அலுவலர் மூலமாக வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையோடும் ஆதாரோடும் கலெக்டர் ஆபீஸில் உள்ள மையத்துக்குப் போனால் அட்டை கிடைக்கும், ஆண்டுக்குக் குடும்பம் முழுவதற்கும் 5 லட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு, பிரீமியம் சர்க்காருடையது. வயது வரம்பு கிடையாது; ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறது, ரத்தக்கொதிப்பு இருக்கிறது என்று தள்ளிவைப்பதும் கிடையாது. கடையில் எளிதில் கிடைக்காத குணம் இந்த இரண்டாவது. தறிக்கூலிக்காரரும் சேகோ மில்லில் உழைத்து ஓய்ந்தவரும் வேறெந்தக் காகிதத்தையும் தேடுமுன் தேட வேண்டியது இந்த அட்டையைத்தான். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டுமல்லாமல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் அது பயன்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சேலத்திலுள்ள அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கும் நடுவே, இரண்டுக்கும் ஏறக்குறைய சம தூரத்தில் அமைந்திருப்பது ராசிபுரத்தாருக்கு ஒரு பாக்கியம்.

அந்த வருமான வரம்பைக் கடந்தவர்களுக்கு, எழுபது வயது நிறைந்தால், மற்றொரு கதவு திறக்கிறது. 2024 அக்டோபர் 29 முதல், வருமானம் எதுவாயினும் எழுபது வயது கடந்த அனைவருக்கும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க் காப்பு என்று மத்திய சர்க்கார் ஆயுஷ்மான் பாரத்தை விஸ்தரித்திருக்கிறது. வயதுக்குப் பிரமாணம் ஆதார் அட்டையே. ஏற்கெனவே அத்திட்டத்தில் உள்ள குடும்பத்து முதியவருக்கு, குடும்பத்துக்குரிய 5 லட்சத்தைத் தொடாமல், தனியே இன்னொரு 5 லட்சம். ஒரே குடும்பத்தில் எழுபது கடந்தவர் இருவர் இருந்தால், அந்தத் தனித்தொகையை இருவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். சொந்தத்தில் பாலிசி வைத்திருப்பவரும் இதில் சேரலாம். மத்திய சர்க்கார் சுகாதாரத் திட்டத்திலோ முன்னாள் ராணுவத்தினர் திட்டத்திலோ உள்ளவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் அட்டை கையில் இருப்பது ஒன்று, அதை ஏற்கும் ஆஸ்பத்திரி நமக்கு எட்டிய தூரத்தில், நமக்கு வேண்டிய சிகிச்சைக்கு இருப்பது வேறொன்று. ஆகவே நோய் வருமுன்பே, வீட்டிலிருந்து ஒருவர் நேரில் சென்று, இருதயத்துக்கு எது, கண்ணுக்கு எது, எலும்புக்கு எது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது ஒரு முழுநாள் வேலையாயினும் செய்ய வேண்டிய வேலை.

மாநில சர்க்காரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் பென்ஷன்தாரர்களுக்கான புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறார்கள். 2022 ஜூலை 1இல் நான்காண்டுகளுக்கென்று தொடங்கிய சுற்றில் மாதம் 497 ரூபாய் பென்ஷனில் பிடித்து, அந்த நான்காண்டுக்குச் சேர்த்து 5 லட்சமும், குறிப்பிட்ட கடும் வியாதிகளுக்கு 10 லட்சமும் என்று வரம்பு வைத்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, முதலமைச்சர் திட்டத்தின் 5 லட்சம் ஓராண்டுக்கு, இந்த 5 லட்சம் நான்காண்டுக்கு என்ற வேறுபாடு. தொகை ஒன்றேயாயினும் காலம் ஒன்றல்ல. இன்னும் ஒரு சிறிய உரிமை பெரும்பாலும் மறக்கப்படுகிறது. இ.எஸ்.ஐ. பிடித்தமுள்ள மில்லிலோ தொழிற்சாலையிலோ குறைந்தது ஐந்தாண்டு வேலை செய்து வயது காரணமாக ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டி, தமக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ. வைத்திய வசதியைத் தொடர்ந்து பெறலாம். மாதம் பத்து ரூபாய்! எத்தனை பேர் அதைக் கட்டாமலே விட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது மனம் பதைக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் பிறகும் இடைவெளி உண்டு. அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்ட வயதில், வருமான வரம்புக்குச் சற்றே மேலான சம்பாத்தியத்தோடு, எந்தப் பென்ஷனும் இல்லாத மளிகைக் கடைக்காரர், ஒரு லாரியை வைத்துப் பிழைத்தவர், நாலு ஏக்கர் கிணற்றுப் பாசனக் குடியானவர் ஆகியோரே கடைப் பாலிசியை நாட வேண்டியவர்கள். நம் சமவெளியில் இவர்கள் தொகை குறைவன்று.

இவர்களுக்கு நீண்ட காலம் கதவு சாத்தியே இருந்தது. முதியோரின் குறைகளை ஆராய 2007இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கே. எஸ். சாஸ்திரி தலைமையில் ஒரு கமிட்டி அமைத்த அளவுக்கு நிலைமை மோசமாக இருந்தது. பின்னர் வந்த விதிகளிலும் அறுபத்தைந்து வயது வரை சேர்த்துக்கொள்வதே கம்பெனிகளின் கட்டாயக் கடமையாக இருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அந்த நிலை மாறி, எல்லா வயதினருக்கும் பாலிசி அளிக்க வேண்டும் என்றாயிற்று. அதே மாற்றத்தில், முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் அதிகபட்சம் நாற்பத்தெட்டு மாதமாக இருந்தது முப்பத்தாறாகக் குறைந்தது. தொடர்ந்து அறுபது மாதம் பாலிசி ஓடிய பிறகு, நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர வேறு காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாது என்ற பாதுகாப்பும், முன்பு எட்டாண்டுக்குப் பிறகே கிடைத்தது, ஐந்தாண்டிலேயே கிடைக்கும்படி ஆயிற்று. சித்த வைத்தியம் உள்ளிட்ட நாட்டு வைத்திய முறைகளுக்கும் மற்ற சிகிச்சையைப் போலவே காப்பு அளிக்க வேண்டும் என்பதும் அந்தச் சமயத்தில் வந்ததே. 2025 செப்டம்பர் 22 முதல், தனிநபர் மருத்துவப் பாலிசிப் பிரீமியத்தின்மேல் இருந்த நூற்றுக்குப் பதினெட்டு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டது முதியவர்களுக்குக் கிடைத்த நேரடிச் சகாயம். சட்டத்தால் கதவு திறந்துவிட்டது. ஆனால் உள்ளே போவதற்கான கட்டணத்தைக் கம்பெனியே நிர்ணயிக்கிறது, மருத்துவப் பரிசோதனைக்குப் பின் மறுக்கும் அதிகாரமும் அதனிடமே இருக்கிறது.

சரி, கட்டணம் கட்டச் சக்தி இருக்கிறது, கம்பெனியும் ஏற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பாலிசிகளில் எது உயர்ந்தது என்று நிறுத்துப் பார்க்க ஒரு படிக்கல் வேண்டுமல்லவா? அதற்கு 2020 ஏப்ரலில் ஆணையம் எல்லாக் கம்பெனிகளும் ஒரே வாசகத்தோடு விற்கும்படி விதித்த ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசி மிகவும் உபயோகமானது. அதையே வாங்க வேண்டும் என்பதல்ல, அதன் நிபந்தனைகளைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாவற்றையும் படிக்கத் தெரிந்துவிடும். அதில் அறை வாடகை நாளொன்றுக்குக் காப்புத்தொகையில் நூற்றுக்கு இரண்டு, அதுவும் 5,000 ரூபாய்க்கு மேற்படாமல். ஒவ்வொரு க்ளெய்மிலும் நூற்றுக்கு ஐந்து நம் பங்கு. கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்புத்தொகையில் கால்பங்கு அல்லது 40,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது.

அறை வாடகை வரம்பைச் சாதாரண விஷயமாகவே எல்லாரும் நினைக்கிறார்கள். வாடகை அதிகமானால் அந்த வித்தியாசத்தை மட்டும் கைப்பணத்திலிருந்து கொடுத்தால் போயிற்று என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதுவன்று. ஒருவருக்கு 2 லட்சம் காப்புத்தொகை. ஆகவே அறை வரம்பு நாளைக்கு 4,000. மகன் பாசத்தினால் 8,000 ரூபாய் அறையில் அப்பாவைச் சேர்க்கிறான். ஐந்து நாள் வாடகை 40,000. டாக்டர், மயக்க மருந்து நிபுணர், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸ் ஆகிய வகைகளுக்கான கட்டணம் 80,000. மருந்தும் பரிசோதனையும் உடலில் பொருத்திய சாதனமும் 80,000. ஆகப் பில் 2,00,000. வரம்புக்கு இரட்டிப்பான அறையில் படுத்ததால், வாடகையில் பாதி மட்டுமல்ல, டாக்டர் முதலான கட்டணங்களிலும் பாதியையே கம்பெனி ஏற்கும். வாடகைக்கு 20,000, டாக்டர் வகைக்கு 40,000, குறைக்கப்படாத மருந்து வகைக்கு 80,000, ஆக 1,40,000. அதில் நம் பங்கு நூற்றுக்கு ஐந்து போக வருவது 1,33,000. கையிலிருந்து போவது 67,000. அதே மனிதர், மற்றக் கட்டணங்கள் மாறாமல், 4,000 ரூபாய் அறையில் படுத்திருந்தால் பில் 1,80,000, கையிலிருந்து போவது 9,000. ஆக வாடகையில் கூடுதலாக வந்தது 20,000. அதனால் வீட்டுக்கு ஏற்பட்ட நஷ்டம் 58,000. இந்தக் கணக்கை ஆஸ்பத்திரி வாசலில் யாரும் போட்டுக் காட்டுவதில்லை. பாலிசி வாங்கும் நாளிலேயே, வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதியோருக்கென்றே தனியாக விற்கப்படும் பாலிசிகளில் நம் பங்கு நூற்றுக்கு ஐந்தோடு நிற்பதில்லை. இருபது, முப்பது என்று போவதுண்டு. முப்பதானால், மேற்சொன்ன 1,80,000 ரூபாய்ப் பில்லில் 54,000 நம்முடையது. ஆயினும் அத்தகைய பாலிசியை உடனே தள்ளிவிடக் கூடாது. மருத்துவப் பரிசோதனையின்றிச் சேர்த்துக்கொண்டு, முன்பே உள்ள நோய்க்கும் ஓராண்டிலேயே காப்பளிப்பவை அவற்றில் உண்டு. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பத்தாண்டுகளாக உள்ள அறுபத்தெட்டு வயதுக்காரருக்கு, மூன்றாண்டு காத்திருந்து முழுத்தொகை பெறுவதைவிட, ஓராண்டு காத்திருந்து முக்கால் தொகை பெறுவது மேலாகலாம். அறுபது வயதில் நோயற்றிருப்பவருக்குக் கணக்கு நேர்மாறு. கண்புரை, குடலிறக்கம், புராஸ்டேட் வீக்கம் போன்றவற்றுக்கு இரண்டாண்டும், மூட்டு மாற்று அறுவைக்கு மூன்றாண்டும் காத்திருக்கச் சொல்வது பெரும்பாலான பாலிசிகளின் வழக்கம். முதுமையில் வரும் சிகிச்சைகளில் பல இந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆகவே அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன் என்று வைத்துக்கொண்டு இந்த மாதம் பாலிசி எடுப்பவர் ஏமாறுகிறார்.

இப்போது இந்த விஷயத்தின் இருதயத்துக்கு வருகிறேன். என் பெரியப்பா ஒருவருக்குப் பல ஆண்டுகளுக்கு முன் பாலிசி எடுத்தபோது விண்ணப்பப் படிவத்தை நிரப்பியவர் ஏஜண்ட்; கையெழுத்திட்டவர் பெரியப்பா; பக்கத்திலிருந்து தலையாட்டியவன் நான். சர்க்கரை உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதப்பட்டது. மாத்திரை டப்பாவோ அலமாரியிலேயே இருந்தது. “எழுதினா பிரீமியம் ஏறுமுங்க, விட்ருங்க” என்று அந்த மனிதர் சொன்னதை நன்மையென்று நம்பினோம். மறு வருஷம் கால்புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அங்கே பெரியப்பாவே டாக்டரிடம் கள்ளமின்றிச் சொன்ன “பன்னண்டு வருஷமா சக்கரைங்க” என்ற வாக்கியம் கேஸ் ஷீட்டில் ஏறி, அதுவே க்ளெய்மை மறுக்கக் காரணமாயிற்று. பணம் போனது பெரிதல்ல. ஐம்பது வருஷம் தறியில் உட்கார்ந்து ஒரு பொய்க் கணக்குச் சொல்லாத மனிதரைப் பொய் சொன்னவர் என்று ஒரு காகிதம் எழுதிற்றே, அதுதான் அவரை வாட்டியது. என்னையும் வாட்டியது.

ஆகவே படிவம் நிரப்பும்போது பாலிசி யாருக்கோ அவர் அருகில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டி, அவர் வாயால் சொல்வதையே எழுத வேண்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களை டாக்டர் சீட்டைப் பார்த்துச் சேர்க்க வேண்டும். உண்மை சொன்னவரைச் சட்டம் கைவிடுவதில்லை. மன்மோகன் நந்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2021 டிசம்பரில் அளித்த தீர்ப்பு இதற்குப் பிரமாணம்: தமக்குச் சர்க்கரை நோய் உண்டு என்று முன்பே தெரிவித்து, கம்பெனியும் பரிசோதித்து ஏற்றுக்கொண்டு பாலிசி வழங்கியபின், அயல்நாட்டில் அவருக்கு இருதய நோய் வந்தபோது, அந்த முன் நிலைமையையே காரணமாக்கிக் க்ளெய்மை மறுப்பது செல்லாது என்று நீதிபதிகள் கூறினார்கள்.

எந்தக் காப்பீடும் பெரும்பாலும் தொடாத செலவும் உண்டு என்றேன். மாதாந்திர மாத்திரை, வெளிநோயாளியாகப் பார்க்கும் டாக்டர் கட்டணம், பல் வைத்தியம், கண்ணாடி, காது கேட்கும் கருவி, சேலத்துக்கு வாடகைக் கார், படுத்தவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் கூலி ஆகியவை முதியவர் வீட்டில் மாதந்தோறும் சொட்டுச் சொட்டாக வெளியேறும் பணம். ஆஸ்பத்திரிப் பில்லிலும் கையுறை, பஞ்சு போன்ற சில்லறை வகைகளைக் கம்பெனி கழித்துவிடும். இதற்கென்று பாங்கியில் ஒரு தனித்தொகையை, வீட்டு விசேஷத்துக்கும் மொய்க்கும் எடுப்பதில்லை என்ற வைராக்கியத்தோடு, ஒதுக்கி வைப்பது பாலிசிக்கு இணையான காப்பு. கையிருப்பு உள்ளவர், முதல் 3 லட்சத்தையோ 5 லட்சத்தையோ தாமோ சர்க்கார் அட்டையோ தாங்கிக்கொண்டு, அதற்கு மேற்பட்டதை மட்டும் ஏற்கும் ‘சூப்பர் டாப்-அப்’ பாலிசியை எடுத்தால் பிரீமியம் வெகுவாகக் குறையும். ஆனால் சர்க்கார் அட்டை செலுத்திய தொகையை அந்தக் கம்பெனி கணக்கில் எடுத்துக்கொள்ளுமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். மாத்திரைச் செலவைக் குறைக்க, 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மருந்து கொண்டுவருகிறது. கௌரவம் பார்த்து அதை மறுக்கிற வீடுகளை நான் அறிவேன், மறுப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை.

மகனின் ஆபீஸ் இன்ஷூரன்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. அது நல்லதே, முதல் நாளிலிருந்தே பழைய நோய்க்கும் காப்பளிப்பவை அவற்றில் பல. ஆனால் அது மகனின் வேலையோடு பிறந்து வேலையோடு மறைவது. அவன் வேலை மாறும் மாதத்தில் அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. அப்போது புதிதாக விண்ணப்பித்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கம்பெனியிடமே தனிப் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு என்பதை மகன் வேலையை விடுமுன் கேட்டு வைக்க வேண்டும். அதேபோல், இளையவர்களோடு முதியவரையும் ஒரே குடும்பப் பாலிசியில் சேர்த்தால், வயதில் மூத்தவரைக் கொண்டே பிரீமியம் நிர்ணயமாகும். அவர் ஒருவரின் சிகிச்சையிலேயே எல்லாருடைய தொகையும் தீர்ந்துபோகலாம். பெற்றோருக்குத் தனியே எடுப்பது உத்தமம். அப்படி அறுபது கடந்த பெற்றோருக்காகக் கட்டும் பிரீமியத்துக்கு, பழைய வரி முறையில் இருப்பவர் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். பாலிசியே இல்லாத முதியவரின் வைத்தியச் செலவும் அந்த வரம்புக்குள் கழிவு பெறும்.

பழைய பாலிசிக்காரர்களின் முறையீடு வேறு. பத்து வருஷம் க்ளெய்மே இல்லாமல் கட்டி வந்தவருக்கு, எழுபதாவது வயதில் பிரீமியம் திடீரென்று எகிறும்போது, விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. விடக் கூடாது, விட்டால் சேர்ந்த காத்திருப்புக் காலம் அத்தனையும் வீண். 2025 ஜனவரி 30இல், முதியோர் பிரீமியத்தை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஆணையத்தைக் கலந்து கொள்ளாமல் உயர்த்தக் கூடாது என்று உத்தரவாயிற்று. அந்த அளவு மீறியிருந்தால் எழுதிக் கேட்கலாம். தாங்க முடியாவிட்டால், புதுப்பிக்கும் தேதிக்கு நாற்பத்தைந்து நாளாவது முன்னதாக வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பித்து, சேர்ந்த காலத்தின் பலனையும் கையோடு எடுத்துச் செல்லலாம். புதிய கம்பெனி ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழையதை நிறுத்தக் கூடாது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு ஆகவேண்டியவற்றில், 2024 மே மாத உத்தரவு ஒரு பெரிய நிவர்த்தியைத் தந்திருக்கிறது. பணம் கட்டாமல் சிகிச்சை பெறும் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், வீட்டுக்கு அனுப்பும் நாளில் இறுதிச் சம்மதத்தை மூன்று மணி நேரத்திலும் கம்பெனி தெரிவிக்க வேண்டும். தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதல் வாடகை கேட்டால் அது கம்பெனியின் பொறுப்பு. பாலிசிக் காகிதம் வந்த முப்பது நாளுக்குள், படித்துப் பார்த்துப் பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கவும் உரிமையுண்டு. அந்த முப்பது நாளில் அதை யாராவது தமிழில் வாசித்துச் சொல்ல வேண்டும். ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், மாலை வேளையில் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்தால் அதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். 50 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகள் அவர் அதிகாரத்துக்கு உட்பட்டவை. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. 2021இல் திருத்திய விதிகளின்படி மனுவை இணையம் வழியாகவே அனுப்பலாம். விசாரணையும் வீடியோ மூலம் நடக்கக்கூடும் என்பதால், நடக்க முடியாத முதியவர் ராசிபுரத்தில் தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே, பேரனின் செல்போனில், தம் கட்சியைத் தாமே எடுத்துச் சொல்லலாம்.